திறக்கும் முன் ஒரு வார்த்தை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. போனில் ஏதோ ஒன்று வருகிறது, திறந்த பிறகுதான் அது என்னவென்று தெரிகிறது. திறந்த இடமோ பேருந்து, அலுவலகம், இல்லையென்றால் வீட்டுக் கூடம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். எழுதியவர்கள் எல்லோருமே பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போடுகிறேன்.

மதிய இடைவேளையில் கல்லூரி நண்பன் அனுப்பிய சுட்டியை அலுவலகக் கணினியில் திறந்துவிட்டேன். பின்னால் டீம் லீட் நின்றிருந்தார். சுட்டிக்கு மேலேயே ‘என்எஸ்எஃப்டபிள்யூ’ என்று போட்டிருந்தேனே என்கிறான் நண்பன். அதற்கு அர்த்தம் எனக்கு அன்றுவரை தெரியாது. இது எங்கிருந்து வந்தது? தமிழில் எப்படிச் சொல்வது?
— வாசகர், சோழிங்கநல்லூர்

‘நாட் சேஃப் ஃபார் வொர்க்’ என்பதன் முதலெழுத்துகள். வேலை செய்யும் இடத்தில் திறக்காதே என்று பொருள். பெரும்பாலும் நிர்வாணப் படம், ஆபாசப் பேச்சு, கோரமான காட்சி ஆகியவற்றுக்குப் போடுவார்கள்.

இந்த வழக்கத்துக்கு ஒரு வம்சம் உண்டு. 1980-களில் யூஸ்நெட் என்ற பழைய கணினி வலைப்பின்னலில் நகைச்சுவைக்கென்று ஒரு குழு இருந்தது. யாரையாவது புண்படுத்தக்கூடிய நகைச்சுவை என்றால் அதை ‘ராட்13’ என்ற முறையில் புரட்டிப் போடுவார்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்து. ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி எழுதினால் ஏ இருந்த இடத்தில் என் வரும், பி இருந்த இடத்தில் ஓ வரும். பார்ப்பதற்கு உளறல் மாதிரி இருக்கும். இன்னொரு முறை 13 தள்ளினால் பழையபடி படிக்கலாம். அதில் ரகசியம் எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம். ஆனால் படிக்க வேண்டும் என்று நினைத்து நீங்களே அவிழ்க்க வேண்டும். தற்செயலாக ஒருவர் கண்ணில் பட்டுவிடாது. இந்த யோசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

அப்புறம் 1998-ல், வதந்திகளை ஆராயும் ஸ்னோப்ஸ் தளத்தின் அரட்டைப் பக்கத்தில், இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று சில பதிவுகளில் குறிக்க வேண்டும் என ஒரு பெண் முறையிட்டார். அங்கிருந்தவர்கள் அதையே ஐந்தெழுத்துச் சுருக்கமாக்கி விளையாட்டாகப் புழங்க ஆரம்பித்தார்கள். இன்றைய சொல்லின் முன்னோடி அதுதான் என்று சொல்லப்படுவது உண்டு. அலுவலகங்களில் இணைய இணைப்பு பரவப் பரவ, ‘பள்ளிப் பிள்ளை’ போய் ‘வேலையிடம்’ வந்து உட்கார்ந்தது. 2015-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

தமிழில் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச் சொல் எதுவும் தேட வேண்டாம். நம் ஆட்கள் ரொம்ப நாளாகவே அனுப்பிக்கொண்டிருக்கும் இரண்டு சொற்கள் இருக்கின்றன: ‘தனியா பாரு’. குரல் பதிவாக இருந்தால் ‘ஹெட்போன் போட்டுக் கேளு’. ஆங்கிலச் சுருக்கத்தைவிட இது நமக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆபத்து அலுவலகத்தில் மட்டுமா இருக்கிறது? ஒரு கூடம், ஒரு டிவி, சோபாவில் நான்கு பேர், ஒரே போனை மாற்றி மாற்றிப் பார்க்கும் குடும்பம். இதுதான் நம் நிலவரம். உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தோடுதான் போட்டிருக்கிறார். ஆனால் எதிராளிக்குப் புரியாத மொழியில் எழுதிய எச்சரிக்கையால் யாருக்கும் பயன் இல்லை. அடுத்த முறை தமிழிலேயே போடச் சொல்லுங்கள்.

என் மகளுக்கு 15 வயது. ‘ஏஓ3’ என்ற தளத்தில் ராத்திரி வெகுநேரம் ஆங்கிலக் கதை படிக்கிறாள். எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கதைக்கும் மேலே கட்டம் கட்டமாக நிறங்கள், ஜி, டி, எம், ஈ என்று எழுத்துகள், கீழே நீளமாக ஏதேதோ பட்டியல். கேட்டால், ‘அதெல்லாம் இருக்கிறதால்தான்மா இது நல்ல சைட்’ என்கிறாள். நம்பலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பாதி நம்பலாம். அந்தப் பாதியை முதலில் சொல்கிறேன்.

‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்பது முழுப்பெயர். ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த நாவல், தொடர், சினிமாப் பாத்திரங்களை வைத்து எழுதும் கதைகளுக்கான கிடங்கு. லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்துகிறது, விளம்பரம் கிடையாது. 2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 2019-ல் அறிவியல் புனைவு உலகின் ஹ்யூகோ விருது அந்தத் தளத்துக்கே கிடைத்தது.

நீங்கள் பார்த்த எழுத்துகள் வயதுத் தரம். ஜி என்றால் எல்லோருக்கும். டி என்றால் 13 வயதுக்கு மேல். எம் பெரியவர்களுக்கு, ஈ வெளிப்படையான காட்சிகள் உள்ளது. தரமே போடாத கதைகளும் உண்டு. இதில் எம், ஈ இரண்டும் உங்கள் மகளுக்கு இல்லை.

தரத்தைவிட முக்கியமானது எச்சரிக்கை. கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வல்லுறவு, வயது வராதவர் சம்பந்தப்பட்ட பாலுறவு என நான்கு விஷயங்களுக்குத் தனித்தனிக் குறி இருக்கிறது. ‘இதில் எதுவும் இல்லை’ என்பது இன்னொரு குறி. ‘எச்சரிக்கை எதையும் பயன்படுத்த விரும்பவில்லை’ என்று ஆசிரியரே அறிவிக்கும் குறியும் உண்டு. கடைசி இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். முன்னது கதவைத் திறந்து காட்டுவது. பின்னது, உள்ளே எதுவும் இருக்கலாம், தெரிந்தே நுழையுங்கள் என்று சொல்வது. பழகிய வாசகர்கள் இதைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவார்கள். உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கீழே இருக்கும் நீளமான பட்டியலை எழுதியவர்களே இடுகிறார்கள். சாவு வீடு, பிரசவம், தற்கொலை எண்ணம், சாப்பாட்டுப் பழக்கக் கோளாறு, நாய் சாகாது என்பது வரை வரும். ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள் அல்லவா? அவற்றை ஒன்றோடு ஒன்று முடிச்சுப்போட்டு வைக்கத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலை அது. ‘செத்த புறா, சாப்பிடாதே’ என்று ஒரு குறி கண்ணில் பட்டால் பயந்துவிடாதீர்கள். அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்றில் இப்படி எழுதிய பையை ஒருவர் திறப்பார், உள்ளே செத்த புறாதான் இருக்கும். மேலே எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது, அப்புறம் என்னிடம் சண்டைக்கு வராதே என்று அந்த ஆசிரியர் சொல்கிறார்.

எனக்குத் தெரிந்து உள்ளடக்கத்தைக் குறிப்பதில் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்ட இடம் வேறு இல்லை. காரணம், குறிகளை உருவாக்கியவர்களும் பயன்படுத்துபவர்களும் அங்கே படிப்பவர்கள்தான். தங்களுக்கு எது வலிக்கும், எதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். ‘மோசமான கதை’ என்று அங்கே ஒரு குறி கிடையாது. உள்ளே இருப்பதன் பெயரை மட்டும் சொல்கிறார்கள்.

சரி, நம்ப முடியாத பாதி. எம், ஈ கதையைத் திறந்தால், பெரியவர்களுக்கான விஷயம் இருக்கலாம், தொடர்வதா என்று ஒரு பக்கம் கேட்கும். தொடர்க என்று அழுத்தினால் கதை வந்துவிடும். வயதுக்கு ஆதாரம் யாரும் கேட்பதில்லை. குறி என்பது பூட்டு அல்ல. அதனால் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ‘இந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது, எனக்குச் சொல்லிக்கொடு’ என்று கேளுங்கள். தேடல் பக்கத்தில் எம், ஈ இரண்டையும் விலக்கி வைக்க வசதி இருக்கிறது, அதை அவளையே போடச் சொல்லுங்கள். ராத்திரி வெகுநேரம் விழித்திருப்பது வேறு பிரச்சினை. அதற்கு எந்தத் தளமும் குறி போடாது, நீங்கள்தான் போட வேண்டும்.

‘இதய பலவீனம் உள்ளவர்கள் பார்க்க வேண்டாம்’ என்று போட்ட வீடியோக்களைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஏன் இப்படி?
— வாசகர், விருதுநகர்

அது எச்சரிக்கை வேஷத்தில் வந்த அழைப்பு. நீங்கள் திறக்க வேண்டும் என்பதற்காகவே எழுதியது. இதனால் உண்டாகும் கெடுதல் பெரியது. உண்மையிலேயே ஒருவர் ‘பார்க்காதீர்கள்’ என்று எழுதும்போது யாரும் நம்பாமல் போகிறார்கள். ஒரு அடையாளம் சொல்கிறேன். உண்மையான எச்சரிக்கை உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும்: ‘விபத்துக் காட்சி, ரத்தம் தெரியும், 2-வது நிமிடத்தில்’. போலி எதையும் சொல்லாது, மூன்று ஆச்சரியக்குறி மட்டும் போடும்.

கோபுரச் சிற்பங்களைப் படம் எடுத்துப் போடுவது என் 20 வருட வழக்கம். போன மாதம் ஒரு அப்சரஸ் சிற்பத்தை மங்கலாக்கி, ‘உணர்வைப் பாதிக்கக்கூடிய படம்’ என்று போட்டுவிட்டார்கள். மனசு விட்டுப்போயிற்று.
— வாசகர், கும்பகோணம்

உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வில்லன்டார்ஃப் வீனஸ் என்ற சின்னக் கற்சிலை உண்டு. உயரம் 11 சென்டிமீட்டர்தான், வயது ஏறக்குறைய 30 ஆயிரம் ஆண்டு. அதன் படத்தை ஃபேஸ்புக் நீக்கியது 2018-ல் செய்தியாகி, தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். 2018 டிசம்பர் 17 முதல் டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளம் பெரியவர்களுக்கான படங்களைத் தடை செய்தபோது, அதைக் கண்டுபிடிக்க வைத்த மென்பொருள் சம்பந்தமே இல்லாத படங்களையெல்லாம் பிடித்துப்போட்டது. இயந்திரத்துக்குத் தோல் நிறமும் வளைவும்தான் தெரியும், கல் தெரியாது.

அதே டம்ப்ளர் 2022-ல் கொஞ்சம் இறங்கி வந்தது. பதிவு போடுபவரே குறி வைக்கலாம், அதிலும் போதைப் பழக்கம், வன்முறை, பாலியல் என்று வகை சொல்லலாம் என்றார்கள். பார்ப்பவர் ஒவ்வொரு வகைக்கும் தனியாகக் காட்டு, மறை என்று வைத்துக்கொள்ளலாம். அது சரியான திசை. காயத்தையும், பால் கொடுக்கும் தாயையும், நீல வீடியோவையும், உங்கள் அப்சரஸையும் ஒரே மங்கல் திரைக்குப் பின்னால் தள்ளினால் அந்தத் திரையைப் பார்த்து எதைப் புரிந்துகொள்வது?

நீங்கள் செய்ய வேண்டியது: மேல்முறையீடு கொடுங்கள், ஒவ்வொரு முறையும். படத்தோடு கோயில் பெயர், எந்த நிலைக் கோபுரம், கல்லா சுதையா என்று எழுதுங்கள். முறையீட்டைப் பார்ப்பவருக்கு அது உதவும்.

தன்னோடு பழகிய பெண்ணின் அந்தரங்கப் படத்தை ஒருவன் குழுவில் போட்டுவிட்டு, ‘18+ என்று போட்டுத்தானே அனுப்பினேன்’ என்கிறான். குறி போட்டால் குற்றமில்லையா?
— வாசகி, சேலம்

குற்றம்தான். இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. குறி என்பது பார்ப்பவருக்குச் செய்யும் மரியாதை. படத்தில் இருப்பவரின் சம்மதத்துக்கு அது ஈடாகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவு, சம்மதமில்லாமல் அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆபாசமானதை மின்னணு முறையில் பரப்பினால் 67-வது பிரிவு, முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். ‘18+’ என்று எழுதியிருந்ததால் விட்டுவிடுங்கள் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்: அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட், தேதி, எண் எல்லாம் எடுத்து வைக்க வேண்டும். மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கலாம். ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற தளமும் உண்டு. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண் தயாராகும், அந்த எண் மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அதே படம் தங்கள் தளத்தில் வந்தால் கண்டுபிடித்து நீக்கப் பார்க்கும். அது 18 வயது நிரம்பியவர்களுக்கு. சிறுமி என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற தளம் இருக்கிறது. அவள் தனியாக இதையெல்லாம் செய்ய வேண்டாம், நீங்கள் கூட இருங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா காலையில் எழுந்ததும் விபத்துப் படங்களை அனுப்பிவிடுகிறார். லாரியில் அடிபட்டவர், கிணற்றில் இருந்து எடுத்தவர் எல்லாம். ‘ஜாக்கிரதையாக இருக்கணும்னுதான்’ என்கிறார். என் நான்கு வயது மகன் என் போனில்தான் ரைம்ஸ் பார்க்கிறான். வயதில் மூத்தவரிடம் எப்படிச் சொல்வது? வாட்ஸ்அப்பில் மறைத்து அனுப்ப வழி உண்டா?
— வாசகி, புதுக்கோட்டை

இந்தக் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். ஏனென்றால் அந்தச் சித்தப்பா இடத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

திருச்சியில் தெருநாய்களுக்கு உதவும் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு எட்டு வருடமாக நான் அட்மின். அடிபட்ட நாய், புழுப்பிடித்த நாய் எங்கே இருக்கிறது என்று யாராவது படம் போடுவார்கள், பக்கத்தில் இருப்பவர் ஓடுவார். ஒரு நாள் உறையூரில் ஒரு நாய். காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தோலே இல்லை, புழு நெளிவது தெரிகிறது. அவசரத்தில் நானே கிட்டத்தில் எடுத்து அப்படியே போட்டேன். எங்கள் குழுவில் இருந்த ஒரு ஆசிரியை அப்போது டவுன் பஸ்ஸில், மடியில் ஐந்து வயதுப் பெண். போன் அவள் கையில். அன்று ராத்திரி அந்தக் குழந்தை தன் காதைத் தொட்டுத் தொட்டு அழுதிருக்கிறது. தூங்கப் போகும்போதெல்லாம் காதில் புழு இருக்கிறதா என்று ஒரு வாரம் கேட்டதாம். அந்த ஆசிரியை என்னைத் திட்டவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுக் குழுவில் இருந்து விலகிக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள் ஒரு விதி வைத்தோம். முதலில் எழுத்து மட்டும், ஒரே வரியில்: இடம், நாயின் நிலை, என்ன தேவை. ‘உறையூர், நாச்சியார் கோயில் தெரு, புழுக்காயம், தூக்க ஒரு ஆள் வேண்டும்.’ காயத்தின் படம் மருத்துவருக்கு மட்டும் தனியாகப் போகும். குழுவில் போடுவதென்றால் நாயின் முகமும் தெருவும் தெரிகிற மாதிரி தூரத்தில் இருந்து எடுத்தது. நிலையைச் சொல்ல நான்கு வார்த்தைதான்: எலும்பு, புழு, ரத்தம், இறந்துவிட்டது. சும்மா ‘கோரம்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்குவதில்லை. ரத்தத்தைத் தாங்குபவர் புழுவைத் தாங்க மாட்டார். என் தோழி ஒருத்தி எதையும் தாங்குவாள், செத்த குட்டியை மட்டும் பார்க்க மாட்டாள்.

எதிர்ப்பும் வந்தது. பார்த்தால்தானே பணம் கொடுப்பார்கள், மறைத்தால் யார் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் இரண்டு மாதம் வரவு குறையத்தான் செய்தது. பிறகு ஆறின காயத்தோடு நிற்கும் நாயின் படத்தைப் போட ஆரம்பித்தோம், மெல்லச் சரியாயிற்று. விலகிப்போன இரண்டு மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அந்த ஆசிரியை வரவில்லை.

இப்போது உங்கள் வேலை. வாட்ஸ்அப்பில் படத்துக்குத் திரை போட்டு அனுப்பும் வசதியை எதிர்பார்க்காதீர்கள். டெலிகிராமில் அது உண்டு, புள்ளி புள்ளியாக மூடியிருக்கும், தொட்டால்தான் தெரியும். ‘ஒரு முறை மட்டும் பார்’ என்பதில் படம் வெளியே தெரியாது, ஆனால் உள்ளே என்ன என்றும் தெரியாது. அதனால் உங்கள் பக்கத்தில் இரண்டு காரியம் செய்யுங்கள். செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதிக்குப் போய் மீடியா தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அப்புறம் படம் மங்கலாகத்தான் வரும், நீங்கள் தொட்டால்தான் இறங்கும். அந்தக் குழுவுக்கு மட்டும் ‘மீடியா விசிபிலிட்டி’யை அணைத்துவிடுங்கள், கேலரியில் போய் விழாது. பையன் கேலரியைத்தான் முதலில் திறப்பான்.

சித்தப்பாவிடம் குழுவில் வைத்துப் பேசாதீர்கள், நாலு பேர் முன்னால் அவருக்கு முகம் சுருங்கும். நேரில் போக முடிந்தால் நேரில், இல்லையென்றால் போனில். அவர் அக்கறையில்தான் அனுப்புகிறார், அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளை என்பதையும் சொல்லலாம், ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் இப்படி ஆரம்பிப்பேன்: “சித்தப்பா, நீங்க அனுப்பறது எங்க நல்லதுக்குத்தான்னு தெரியும். தம்பி என் போனை வெச்சுக்கிட்டே இருக்கான், நேத்து அந்தக் கிணத்துப் படத்தைப் பார்த்துட்டான். இனிமே என்ன நடந்துச்சு, எங்கன்னு எழுதி மட்டும் போடுங்க சித்தப்பா. படம் பார்க்கணும்னா நானே உங்களைக் கேக்கறேன்.”